பதினொன்றாம் குறிப்பின் இரண்டாம் வரி

உள்ளிருக்கும் கைக்கே உறவு. அரிசிம்பருப்புச் சாதத்தில் ஸ்பூனைக் குத்தி வைத்துவிட்டு சௌடேஸ்வரி அந்த வரியை இன்னொரு தரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். நேற்றுக் காலை பேப்பரைப் பிரித்ததிலிருந்து இதுதான் வேலை. பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத் தூளை நாக்கு போய்ப் போய்த் தொடுவதுபோல மனசு அந்த மூன்று சொல்லையே போய்த் தொட்டுக்கொண்டிருந்தது. எழுதினவள் அவள். அனுப்பினவளும் அவள். அச்சில் மட்டும் அது இல்லை. ஞாயிற்றுக்கிழமை இணைப்பின் கடைசிப் பக்கத்தில் வரும் குறுக்கெழுத்துப் புதிரைக் கொஞ்ச நாளாக அவள்தான் போடுகிறாள், குறிப்பு ஒவ்வொன்றையும் ஈரடிப் பாட்டாக எழுதி. மேலே நாலு சீர், கீழே மூணு சீர், அதற்குள் ஒரு பொருளை ஒளித்து வைப்பாள். கண்டுபிடிக்கிறவர்கள் கட்டத்தில் எழுதிக்கொள்ளலாம். இடமிருந்து வலம் பதினொன்றுக்கு விடை தாழ்ப்பாள். வெளியே எவர்வந்து தட்டினும் வாய்திறவேன், உள்ளிருக்கும் கைக்கே உறவு. பேப்பர் ஆபீசில் பக்கம் கட்டினவருக்கு அந்தப் பத்தியின் அடியில் ஜவுளிக்கடை விளம்பரம் இடித்திருக்கிறது. ஒரு வரி கூடுதல் என்று பட்டிருக்கிறது, தூக்கிவிட்டார். சட்டைக்குக் கை நீளம் என்று ஒரு கையை மட்டும் வெட்டுவார்களா யாராவது. வெட்டினார். மேல் வரி மட்டும் தனியாக நிற்கிறது, யார் தட்டினாலும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிற வீம்போடு, ஏன் என்று சொல்லக் கீழ்வரி இல்லாமல்.

எதிரே அந்தப் புதிர்ப் பக்கம் நாலு மடிப்பும் விரிந்து கிடந்தது. பட்டீஸ்வரன் சார் டிபன் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் அதைத்தான் விரிப்பார், ஓரங்களில் ஊறுகாய் பாட்டிலையும் தண்ணி பாட்டிலையும் வைத்து, ஃபேன் காற்றுக்குப் பறக்காதபடி. இந்தப் பம்பு கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு அவர்தான் பெரியவர், பேனாவும் அவர் கையில்தான். பக்கத்தில் டெஸ்பாட்ச் குணவதி அக்கா, மோர்மிளகாயை ஒடித்து ஒடித்துப் போட்டுக்கொண்டு. எதிரில் சேல்ஸ் தௌஃபீக், எதையும் மேலே பார்த்துத்தான் யோசிப்பான், பதிலெல்லாம் ஃபேன் றெக்கையில் எழுதியிருப்பதுபோல. மேசையின் கடைசியில் சௌடேஸ்வரி. இங்கே எல்லோருக்கும் ஈஸ்வரி. திங்கட்கிழமை சாப்பாட்டு வேளை என்றால் இவர்களுக்குக் குறுக்கெழுத்து. கட்டங்களை நிரப்பி, ஃபோட்டோ எடுத்து, தௌஃபீக்கின் ஃபோனிலிருந்து பத்திரிகைக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டுத்தான் கை கழுவப் போவார்கள். கருங்கட்டம் என்ற பேரில் அதைப் போடுகிற ஆள் தங்களோடு உட்கார்ந்து அரிசிம்பருப்பு சாப்பிடுவது யாருக்கும் தெரியாது. "இந்தக் கருங்கட்டம் ரிட்டயரான தமிழ் வாத்தியாருங்க சார். சால்வையெல்லாம் போட்டுக்கிட்டு, வெத்தலை போட்டுக்கிட்டுத்தான் எழுதுவாரு" என்றான் தௌஃபீக். "அந்தாளு வீட்டுக்காரம்மா பாவம். உப்புப் பத்தலைன்னாக் கூட ரெண்டு வரியிலதான் சொல்லுவாராட்ட இருக்குது" என்றாள் குணவதி அக்கா. சௌடேஸ்வரி குனிந்து சாதத்தைக் கிளறினாள். அவளுக்குச் சால்வை பிடித்திருந்தது. தன் தோளில் ஒரு கனமான சால்வை இருப்பதாக நினைத்துப் பார்த்ததில் முதுகு தானாக நிமிர்ந்தது. நிமிர்ந்ததை யாராவது பார்த்துவிட்டார்களோ என்று உடனே பழையபடி வளைந்துகொண்டாள்.

"ஊர்முழுதும் கூடவந்தும் உள்ளே இடமில்லை, வாசலொடு நின்றுவிடும் கூட்டு. நாலு கட்டம்" என்று படித்தார் பட்டீஸ்வரன் சார். படித்து முடித்துப் பேனா முனையால் காதுக்குப் பின்னால் சொறிந்தார். இதோ, இந்த இடம்தான். இதற்காகத்தான் அவள் வாராவாரம் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு இந்த மேசைக்கே வருகிறாள், ஜன்னலோர மேசை காலியாக இருந்தாலும். பதில் பிடிபடுவதற்கு ஒரு நொடி முன்னால் முகம் என்ன ஆகிறது என்று பார்க்க. குணவதி அக்கா மெல்லுவதை நிறுத்தினாள். தாடை அப்படியே நின்றது, கண் மட்டும் எங்கேயோ போய் எதையோ எடுத்துக்கொண்டு திரும்பியது. "செருப்பு" என்றாள். சொன்ன கையோடு மேசைக்கு அடியில் தன் காலைப் பார்த்தாள், முதன்முதலாகப் பார்ப்பதுபோல. சௌடேஸ்வரிக்கு நெஞ்சுக்குள் ஏதோ வெதுவெதுவென்று இறங்கியது. கூட்டு என்ற சொல்லுக்காக ஒரு ராத்திரி முழுக்கப் புரண்டிருக்கிறாள். சோடி என்று எழுதி, அடித்து, துணை என்று எழுதி, அதையும் அடித்து. அந்தப் புரளல் எல்லாம் இப்போது குணவதி அக்கா குனிந்து செருப்பைப் பார்த்ததில் சரியாகிவிட்டது. அடுத்தது கடிகாரம். ஓடி அலுத்தாலும் ஊரெல்லை தாண்டாமல் வீட்டுச் சுவரில் தவம். அதைத் தௌஃபீக் ஃபேனைப் பார்த்த கண்ணைக் கொஞ்சம் இறக்கியதும் பிடித்துவிட்டான், ஃபேனுக்குக் கீழே சுவரில் தொங்கியதால். அவள் எழுதியதும் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான். கண்ணால் பார்க்காத ஒன்றை அவள் எழுதுவதில்லை. இன்னொன்றும் அவள் செய்வதில்லை. மற்ற புதிர்களில் இடமிருந்து வலம் போதாமல் வலமிருந்து இடம் என்பார்கள், மேலிருந்து கீழ் போதாமல் கீழிருந்து மேல் என்பார்கள். எழுத்து பொருந்தாதபோது சொல்லைப் பிடித்துத் திருப்பிப் போட்டுவிடுகிற சோம்பேறித்தனம் அது. அவள் கட்டத்தில் ஒரு சொல்லும் தலைகீழாக நிற்காது. வாசகர்கள் யாரும் இதைக் கவனித்து எழுதியதில்லை. பரவாயில்லை. வீட்டுப் பரணைக்கூடத் துடைத்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, யாரும் ஏறிப் பார்க்காவிட்டாலும்.

"மழைவந்தால் மூழ்கிவிடும் வெய்யிலில் வாய்பிளக்கும், ஊர்ச்சாலை பெற்ற பரிசு" என்று அவர் அடுத்ததைப் படித்ததும் குணவதி அக்கா, "பள்ளம், பள்ளம். சுங்கம் பஸ் ஸ்டாப்புக்கிட்ட என் வண்டியோட நான் விழுந்தனே, அந்தக் கருமம் பிடிச்ச பள்ளம்" என்றாள். பட்டீஸ்வரன் சார் எழுதினார். ப, ள், ள, ம். அந்த முதல் ள், பதினொன்றின் கடைசிக் கட்டத்தில் போய் உட்கார்ந்தது. வந்துவிட்டது. இனி இந்த மேசையில் அதைத் தாண்டிப் போக முடியாது. நேற்று வரி விட்டுப்போனதை அவள் தகவல் அனுப்பியதும் இணைப்பாசிரியர் ஃபோனிலேயே கூப்பிட்டிருந்தார். நல்ல மனிதர், குரலில் எப்போதும் பாதித் தூக்கம் இருக்கும். "தப்பு எங்களுதுதாம்மா. ஆனா புகார் வந்தா புதிர் மேலதான் வரும். ஜனங்க பல்லைக் குத்திக்கிட்டே போடற சமாச்சாரம் இது. ரெண்டு வரி, கவிதை, இதெல்லாம் வேணுமான்னு நான் அப்பவே யோசிச்சேன். திங்கக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம். வேணாம்னு வந்துட்டா பழையபடி போயிடுவோம், நீங்க மனசுல எதும் வெச்சுக்கக் கூடாது" என்றார். பழையபடி என்றால் நடிகையின் பேர் குழம்பியிருக்கிறது, பெண்ணைக் குறிக்கும் சொல் திரும்பியிருக்கிறது என்கிற மாதிரிக் குறிப்புகள். அதற்குக் கருங்கட்டம் தேவையில்லை. பிறகு அவர் சொன்னதுதான் ராத்திரி அவளைத் தூங்கவிடவில்லை. "கோயமுத்தூர்ல ஒரு பம்பு கம்பெனிக்காரங்க தவறாம அனுப்புறாங்க. அவங்க என்ன சொல்றாங்கன்னு பார்ப்பேன் நான். அவங்களுக்குப் புடிச்சிருந்தா சரி." அவள் இந்தப் பக்கம் ஃபோனைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கம்பெனியின் பி.எஃப். கணக்கைப் பார்க்கிறவளே நான்தான் என்று சொல்லாமல், சரிங்க சார் என்று மட்டும் சொன்னாள். அவளுக்கு எப்போதும் வருவது அந்த இரண்டு சொல்தான்.

"பதினொண்ணு. வெளியே எவர்வந்து தட்டினும் வாய்திறவேன்" என்று படித்துவிட்டு பட்டீஸ்வரன் சார் தாளைத் திருப்பிப் பார்த்தார், மிச்சம் பின்பக்கம் ஒழுகியிருக்குமோ என்பதுபோல. "அவ்வளவுதானா. மத்ததுக்கெல்லாம் ரெண்டு வரி இருக்குதே." தௌஃபீக் எட்டிப் பார்த்தான். "வாத்தியாருக்கு வெத்தலை தீர்ந்துபோச்சாட்ட இருக்குதுங்க சார்." அஞ்சு கட்டம் என்றார் அவர். "வாட்ச்மேன்" என்றான் தௌஃபீக் உடனே. "நம்ம கேட்ல இருக்கற ஆளு, லாரி ஹாரன் அடிச்சாலும் எந்திரிக்க மாட்டாரு. எண்ணிப் பாருங்க, அஞ்சு." சிரித்தார்கள். கடைசியில் ள் இருக்கிறதே என்று பட்டீஸ்வரன் சார் சொன்னதும் வாட்ச்மேன் போனார். சௌடேஸ்வரி ஸ்பூனை இறுக்கிப் பிடித்திருந்தாள். சொல்லிவிடலாம். உள்ளிருக்கும் கைக்கே உறவு, மூணே சொல், இருமுவதுபோலச் சொல்லிவிடலாம். சொன்னால் எப்படித் தெரியும் என்பார்கள். மூன்று முகமும் ஒரே நேரத்தில் திரும்பும். அந்தத் திரும்புதலை நினைத்ததுமே காது மடல் சுட்டது. கல்லூரியில் தமிழ் மன்றத்து விழாவில் அவள் பாட்டுக்கு முதல் பரிசு என்று மேடையில் பேர் கூப்பிட்டபோதும் காது இப்படித்தான் சுட்டது, ஆனால் அப்போது அவள் அரங்கத்தில் இல்லை, பின்னாலிருந்த கழிப்பறையில் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். வெளியே முதலில் தோழி தட்டினாள். பிறகு பேராசிரியை தட்டினார். சௌடு, உன்னத்தான் கூப்பிடறாங்க, வா கண்ணு என்றார்கள். தாழ்ப்பாளின்மேல் அவள் விரல் இருந்தது. பெயின்ட் மேல் பெயின்டாக அடித்துத் தடித்துப்போன தாழ்ப்பாள், நுனி மட்டும் தேய்ந்து பளபளவென்று. இந்தப் பக்கம் இழுத்தால் திறந்துவிடும், எவ்வளவு சின்ன வேலை, உலகத்திலேயே அவள் ஒருத்தியால் மட்டுமே முடிகிற வேலை. பாட்டை யாரோ படித்தார்கள். கைதட்டல் வென்டிலேட்டர் வழியாக வந்தது, தகரக் கூரையில் மழை விழுவதுபோல. தலைக்கு மேல் விழுந்த அந்த மழையில் ஒரு சொட்டுகூட அவள்மேல் படவில்லை. எல்லோரும் போன பிறகு திறந்துகொண்டு வந்தாள். விரல் நுனியில் பித்தளை வாசம் ராத்திரி வரை போகவில்லை.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள் குணவதி அக்கா. மோர்மிளகாய்க் காம்பைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். "பொண்ணுப் பார்க்க எவன் வந்தாலும், என்ன கேட்டாலும், வாயைத் தொறக்காம உக்காந்திருக்குமே, அது. மணமகள். நம்ம ஈஸ்வரியாட்ட." பட்டீஸ்வரன் சார் விரல் விட்டு எண்ணினார். ம, ண, ம, க, ள். ஐந்து, கடைசியில் ள். "பொருந்துதுங்க அம்மிணி" என்றார், குரலில் மரியாதையே வந்துவிட்டது. பேனா இறங்கியது. சௌடேஸ்வரி அந்த ம எழுதப்படுவதைப் பார்த்தாள், தலைகீழாக, அவள் பக்கமிருந்து பார்க்கையில். அவள் வீட்டுக் கதவில் வேறு யாரோ பேர்ப்பலகை மாட்டுவதுபோல இருந்தது. தௌஃபீக் ஃபேனைப் பார்த்தான், கொஞ்சம் அதிக நேரம் பார்த்தான். "அப்ப ரெண்டாவது வரியை நானே போட்டுடறேன் கேளுங்க. வெளியே எவர்வந்து தட்டினும் வாய்திறவேன், தாலி கழுத்தேறும் மட்டும்." மேசை குலுங்கியது. "அதுக்கப்புறம் வாயை மூடவே மாட்டா" என்று பட்டீஸ்வரன் சார் சொல்ல, "சொல்லுவீங்க சார், சொல்லுவீங்க. வீட்டுல போய்ச் சொல்லுங்க இதை" என்றாள் குணவதி அக்கா. சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது.

வினோதமாக, சௌடேஸ்வரிக்கு முதலில் வந்தது கோபமில்லை. பரவாயில்லையே என்று தோன்றியது. கடைசிச் சொல் சற்று நீண்டு தொங்கினாலும், அவள் வரிக்குப் பின்னால் அவன் வரி ஓசை தட்டாமல் வந்து நின்றுவிட்டது. பம்பு விற்கிறவன், வாழ்நாளில் ஒரு பாட்டு எழுதியிராதவன், அவளுடைய ஒற்றை வரி இழுத்த இழுப்புக்குத் தானாக இன்னொரு வரி பாடிவிட்டான். அறுந்த வரியிலும் அவ்வளவு விசை இருக்கிறது. அந்த எண்ணம் உள்ளே போய் நன்றாக உட்கார்ந்து, பெருமை என்று பேர் சொல்லிக்கொண்டு, காலை நீட்டிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது, அந்தப் பெருமையின் மேலேயே ஏறிக்கொண்டு. அவள் வரி தாலிக்குக் காத்திருக்கிற வரி இல்லை. வெளியே இருந்து யாரோ ஒருவன் வந்து கட்டினால் திறந்துகொள்கிற வாய் இல்லை அது. உள்ளே இருக்கிற கைக்கு மட்டும் சொந்தம் என்று சொன்ன வாய். மூணு சொல்லில் அதைச் சொல்ல அவள் எத்தனை வரி எழுதிக் கிழித்தாள். இப்போது அது இந்த மேசையில் கல்யாணப் பெண்ணாகி, தலையைக் குனிந்துகொண்டு, அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் தாலி கழுத்தேறும் மட்டும் என்று சொல்லிச் சிரிக்கப்படும். அவளைப் பார்த்து. நம்ம ஈஸ்வரியாட்ட.

பட்டீஸ்வரன் சார் அதே ம-வைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழுக்கு இறங்கினார். "கதவடைத்த பின்வந்து காரணம் சொல்லும் வழக்கத்தின் பேரென்ன கூறு. ம-வுல ஆரம்பிக்கணும், நாலு கட்டம். மந்தம்னு போடலாமா? ஒட்டமாட்டேங்குதே." காதைச் சொறிந்தார். போட்டார். அத்தோடு கட்டங்கள் தீர்ந்தன. தௌஃபீக் எழுந்து ஃபோனைத் தாளுக்கு மேலே பிடித்து ஃபோட்டோ எடுத்தான், உட்கார்ந்து இரண்டு கட்டைவிரலாலும் தட்டினான், தட்டிக்கொண்டே படித்தான். "ஐயா, பதினொண்ணுக்குப் பாதிக் குறிப்புதான் இருக்குது. பாட்டாப் போட்டா இப்படித்தான் பாதியில நிக்கும். சிம்பிளாப் போடற பழைய ஆளையே கூப்பிடுங்க. இப்படிக்கு, பம்பு கம்பெனி வாசகர்கள். சரிங்களா சார்?" பட்டீஸ்வரன் சார் சாதத்தைப் பிசைந்தபடி தலையை ஆட்டினார். "பாட்டு நல்லாத்தான் இருந்துது. பாதியில விட்டா என்ன பண்றது. அனுப்பு." தௌஃபீக்கின் விரல் அனுப்புகிற பொத்தானுக்கு மேலே போனது. பின்னால் சோதனைக் கூடத்தில் ஏதோ ஒரு பம்பை ஓடவிட்டார்கள். தரை வழியாக அந்த அதிர்வு ஏறி வந்து டிபன் டப்பாவின் மூடியில் மெல்ல நடுங்கியது. சௌடேஸ்வரிக்கு விரல் நுனியில் பித்தளை வாசம் வந்தது, இத்தனை வருஷம் கழித்து, அரிசிம்பருப்பின் நெய் வாசத்தையும் மீறி. யாரும் தட்டவில்லை. அதுதான் விசேஷம். இந்த முறை வெளியே ஒருவரும் நிற்கவில்லை, ஒருவரும் கூப்பிடவில்லை. அவள் இங்கே இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. இப்போது திறக்காவிட்டால் பிறகு திறப்பதற்குக் கதவே இருக்காது.

"அனுப்பாதீங்க" என்று யாரோ சொன்னார்கள். தன் குரல்தான் அது என்று சௌடேஸ்வரிக்கு அப்புறம்தான் தெரிந்தது. மூன்று முகமும் திரும்பின. நினைத்த மாதிரியேதான் திரும்பின, ஆனால் நினைத்த அளவுக்குச் சுடவில்லை. "மணமகள் இல்லீங்க சார் அது. ரெண்டாவது வரி ஒண்ணு இருக்குதுங்க. அச்சுல விட்டுப்போச்சு." தௌஃபீக்கின் விரல் அந்தரத்தில் நின்றது. "என்ன வரி?" என்றார் பட்டீஸ்வரன் சார். அவள் சொன்னாள். "உள்ளிருக்கும் கைக்கே உறவு." ராத்திரி முழுக்க உள்ளே சுற்றிக்கொண்டிருந்த வரி வெளிக்காற்றில் முதல்முறையாக நடந்தது. உள்ளே கேட்டதைவிட நன்றாக இருந்தது. அவர் மெல்ல முதல் வரியைச் சொல்லி, அதோடு இதையும் சேர்த்துச் சொல்லிப் பார்த்தார். பேனா காதுக்குப் போகவில்லை. முகம் அந்த ஒரு நொடிக்குள் போயிற்று, அவள் வாராவாரம் பார்க்க வருகிற நொடி, எதையோ எடுத்துக்கொண்டு திரும்பியது. "தாழ்ப்பாள்" என்றார், ஏதோ ரகசியம் சொல்வதுபோல. மணமகளை அடித்துவிட்டு, மேலேயே சின்னதாக எழுதினார். தா வந்து உட்கார்ந்ததும் மேலிருந்து கீழில் மந்தமும் அடிபட்டது. "தா-வுல நாலு கட்டம். கதவடைத்த பின்வந்து காரணம் சொல்லும்" என்று முணுமுணுத்தார். குணவதி அக்காதான் முந்தினாள். "தாமதம். உங்களாட்ட சார். கேட் பூட்டினதுக்கப்புறம் வந்து தினம் ஒரு கதை சொல்லுவீங்களே, அது."

தௌஃபீக் மட்டும் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், மேலே பார்க்காமல். "அச்சுல இல்லாத வரி உங்களுக்கெப்படித் தெரியுங்க?" சால்வையின் கனம் தோளில் வந்து இறங்கியது. இந்தத் தடவை முதுகு நிமிர்ந்தபோது அவள் அதைத் தடுக்கவில்லை. "நான்தானுங்க எழுதினேன்" என்றாள். "எல்லாமே." பட்டீஸ்வரன் சார் தாளைக் கையில் எடுத்து, முதலிலிருந்து ஒவ்வொரு குறிப்பாகப் பார்த்தார், தெரிந்தவர் வீட்டுக்குப் புதிதாக வந்தவர்போல. சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். குணவதி அக்காவைப் பார்த்தார். குணவதி அக்கா தன் முழங்கையில் ஆறிக்கொண்டிருந்த சிராய்ப்பைப் பார்த்தாள். "அட, சுங்கத்துப் பள்ளம் என்னுதாடி?" என்றாள். சௌடேஸ்வரி தலையசைத்தாள். "அப்ப இந்தத் தாமதம் என்னைப் பார்த்து எழுதினதுங்களா அம்மிணி?" என்று பட்டீஸ்வரன் சார் கேட்டார். பொய் சொல்லலாம். சரிங்க சார் என்று எதற்கும் பொருந்துகிற அந்தப் பழைய இரண்டு சொல்லைச் சொல்லலாம். "ஆமாங்க சார்" என்றாள். அவர் ஒரு கணம் விழித்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். ஊறுகாய் பாட்டிலைத் தாளின் மேலிருந்து நகர்த்தி அவள் பக்கம் தள்ளினார், வேண்டியதை எடுத்துக்கொள் என்கிற மாதிரி. "அப்ப இந்த மெசேஜ்?" என்றான் தௌஃபீக், ஃபோனைத் தூக்கிக் காட்டி. "இந்தத் தாளைத் திரும்ப ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க, மணமகளை அடிச்சதும் தெரியட்டும்" என்றாள். சொல்லிவிட்டு யோசித்தாள். "விட்டுப்போன வரியையும் எழுதுங்க. எங்களுக்கு ரெண்டு வரியும் வேணும்னு எழுதுங்க. எல்லாருக்கும் சம்மதம்னா." பட்டீஸ்வரன் சார் தௌஃபீக்கைப் பார்த்து மோவாயை அசைத்தார். அவன் எழுதியதை அழித்தான். புதிதாக எழுதிக்கொண்டே, "தாலி கழுத்தேறும் மட்டும் நல்லாயில்லைங்களா?" என்றான், பாதி விளையாட்டாக, பாதி நிஜமாக. "முதல் ரெண்டு சீர் ரொம்ப நல்லாயிருந்துதுங்க" என்றாள் அவள். அது நிஜம். அவன் காது சிவப்பதை அவள் பார்த்துக்கொண்டாள். சிவக்கிற காது அவள் மட்டும் வைத்திருக்கிற சொத்தில்லை போலிருக்கிறது.

குணவதி அக்கா இன்னும் கணக்கு முடிக்கவில்லை. விரலை மடக்கிக்கொண்டிருந்தாள். "கடிகாரம் இந்தச் செவுத்துல இருக்குது. பள்ளம் நான் விழுந்தது. தாமதம் சாரு. சரி கண்ணு, அந்தத் தாழ்ப்பாளை யாரைப் பார்த்து எழுதினே?" சௌடேஸ்வரி ஸ்பூனை எடுத்தாள். அரிசிம்பருப்பு ஆறிப்போயிருந்தது, நெய் ஓரத்தில் வெள்ளையாக உறைந்திருந்தது. ஸ்பூன் நிறைய எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அக்காவைப் பார்த்து நிதானமாக மென்றாள்.